கையில் பிடிக்கும் கணினி: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பள்ளிகளிலும் தேயிலை விவசாயிகள் கூடும் இடங்களிலும், நிஜப் பொருளும் கணினியும் சேர்ந்து வேலை செய்யும் கருவிகளைச் செய்து காட்டி வருகிறேன். ஆசிரியர்கள், பொறியியல் மாணவர்கள், விவசாயிகள், பெற்றோர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. எங்கே விஷயம் அதிகமோ அங்கே நின்று பேசியிருக்கிறேன்.

கையில் பிடிக்கும் கணினி என்று எதைச் சொல்கிறீர்கள்? செல்போனும் கையில்தானே இருக்கிறது?

செல்போனில் கையில் இருப்பது கண்ணாடி. வேலை நடப்பது கண்ணாடிக்குப் பின்னால், படங்களில். நான் சொல்வது வேறு. மேசைமேல் இருக்கும் ஒரு கட்டையை நகர்த்துகிறீர்கள், ஒரு குமிழைத் திருப்புகிறீர்கள், ஒரு வில்லையை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறீர்கள். கணினி அதைக் கவனித்துத் தன் வேலையைச் செய்கிறது. பல்லாங்குழியில் சோழியே கணக்கு, சோழியே காட்சி. தனியாக ஒரு நோட்டு வேண்டியதில்லை. அதே மாதிரி இங்கே கட்டளையும் அந்தப் பொருள்தான், விடையும் அந்தப் பொருள்தான்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், 1992இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் டரல் பிஷப் வடிவமைத்த தொலைபேசிப் பதிவுக் கருவி. யாராவது அழைத்துச் செய்தி விட்டால் கருவியிலிருந்து ஒரு கோலி உருண்டு வெளியே வரும். இரண்டு செய்தி என்றால் இரண்டு கோலி. கோலியை எடுத்து ஒரு குழியில் வைத்தால் அந்தச் செய்தி ஒலிக்கும். தொலைபேசியின் மேல் வைத்தால் செய்தி விட்டவருக்கே அழைப்பு போகும். அது கடைக்கு வந்த சரக்கு அல்ல, ஒரு மாதிரி மட்டுமே. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேலாகியும் இந்தத் துறையில் அதைப் பேசாதவர்கள் இல்லை. வாசலில் நுழையும்போதே எத்தனை செய்தி வந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறதே, அதுதான் அதன் அழகு.

தொடுதிரை போதாதா?

நிறைய வேலைகளுக்குப் போதும். ஆனால் தொடுதிரைக்குத் தெரிவது விரல்நுனி மட்டும்தான். ஒரு பொருளின் விளிம்பு, எடை, சொரசொரப்பு இவற்றையெல்லாம் கை பார்க்காமலே உணரும். கண்ணாடியில் அது எதுவும் கிடைக்காது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரு டேப்லெட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் தொடுவார், மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள். நான்கு கட்டைகள் மேசையில் இருந்தால் நான்கு பேரின் கையும் உள்ளே வரும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதை யார் தொடங்கினார்கள்?

ஒருவர் பெயரை மட்டும் சொல்ல முடியாது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரேடியா பெர்ல்மன், எழுதப் படிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகள் நிரல் எழுத வேண்டும் என்று, பிளாஸ்டிக் அட்டைகளைத் துளைகளில் வரிசையாகச் செருகும் ஒரு பெட்டி செய்தார். அட்டை வரிசைப்படி ‘ஆமை’ என்ற சிறு ரோபோ தரையில் நகரும். இதே பெர்ல்மன்தான் பிற்காலத்தில் கணினி வலையமைப்புகளில் தகவல் முடிவில்லாமல் சுற்றிவராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை உருவாக்கியவர்.

1991 வாக்கில் ஜெராக்ஸின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் பியர் வெல்னர், சாதாரண மேசைக்கு மேலே கேமராவும் புரொஜெக்டரும் தொங்கவிட்டு, காகிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை விரலால் சுட்டினால் அது கால்குலேட்டருக்குள் போகும்படி செய்தார். 1995இல் ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ், ஹிரோஷி இஷீ, பில் பக்ஸ்டன் மூவரும், கையில் பிடிக்கும் சிறு கட்டைகளால் திரை உருவங்களை இயக்குவது பற்றி எழுதினார்கள். 1997இல் இஷீயும் பிரிக் உல்மரும் வெளியிட்ட கட்டுரைதான் இதை ஒரு தனித் துறையாக நிறுத்தியது. நம் நாட்டில் இந்தப் பேச்சு பரவியது 2009இல், எம்.ஐ.டி.யில் இருந்த குஜராத்துக்காரர் பிரணவ் மிஸ்த்ரி, கழுத்தில் மாட்டிய கேமராவும் சிறு புரொஜெக்டரும் கொண்டு சுவரையும் உள்ளங்கையையும் திரையாக்கிக் காட்டியபோது.

ஆனால் என் கணக்கில் இது கணினிக்கும் முந்தியது. ஒற்றைப் பாதை ரயில்வேயின் டோக்கன் முறையைப் பாருங்கள். இரண்டு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு டோக்கனைத்தான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. ‘பாதை உனக்குத்தான்’ என்ற தகவல் ஓட்டுநரின் கையில், எடையோடு, பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்கிறது. நான் செய்யும் எல்லாவற்றுக்கும் இதுதான் உரைகல்: கம்பி அறுந்தாலும் கையில் இருக்கும் பொருள் உண்மை சொல்ல வேண்டும்.

பெங்களூரிலோ சென்னையிலோ செய்ய வேண்டியதை மலையில் ஏன் செய்கிறீர்கள்?

தேவை இங்கேதான் அதிகம் என்பதால். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் பாதி நாள் யாருடைய கையாவது ஈரமாக இருக்கிறது. இன்றைய தொடுதிரைகள் விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்பவை. கண்ணாடிமேல் தண்ணீர் படலம் இருந்தால் அதையே விரல் என்று எண்ணிக்கொள்ளும். குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டால் விரல் இருப்பதே தெரியாது. ரேகை வைக்கும் கருவி இன்னும் மோசம். பல வருடம் கொழுந்து பறித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், கறை ஏறியிருக்கும். “ரேகை விழல” என்று சொல்லிப் பெரியவர்களைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வதைப் பார்க்க எனக்கு மனம் கொதிக்கும். பழுது கருவியில், தலைகுனிவது அவர்கள்.

மழையில் மரம் கம்பிமேல் விழுந்தால் மின்சாரம் போகும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்புறம் மொழி. தமிழ், படுகு, மலையாளம், கன்னடம், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகள் என்று ஒரே சந்தையில் எத்தனை பேச்சு! எழுத்தை மட்டும் நம்பிய திரை இங்கே யாரையாவது வெளியே நிறுத்திவிடும்.

தேயிலை எடை போடும் இடத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

இதைத்தான் சிறு விவசாயிகள் முதலில் கேட்கிறார்கள். இப்போது நடப்பதைப் பார்ப்போம். சாக்கில் பச்சைத் தேயிலை வருகிறது. எடை போடுகிறார்கள். சாக்குக்கும் இலையில் ஒட்டிய மழைநீருக்கும் என்று கொஞ்சம் கழிக்கிறார்கள். மிச்சம் நோட்டில் ஏறுகிறது. பணம் பிறகு வருகிறது. வாக்குவாதம் வந்தால் பெரும்பாலும் எடையில் வருவதில்லை, கழிவில்தான் வரும்.

ஒரு செயலி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் மாணவர்கள் உடனே சொல்வார்கள். செயலி அந்தக் கழிவை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கும். திரையைப் பார்ப்பது எழுதுபவர் மட்டும்; இலை கொண்டுவந்தவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளங்கை அளவு மரத்துண்டு ஒன்று. உள்ளே பேட்டரி இல்லாத சிறு சிப். தராசுக்குப் பக்கத்துத் தட்டில் அதை வைத்தால் அவர்கள் கணக்கு திறக்கும், எடுத்தால் மூடும். கடவுச்சொல் இல்லை, ரேகை இல்லை, பட்டியலில் பெயர் தேடுவது இல்லை. அம்மா வரமுடியாத நாளில் மகள் அதே துண்டோடு வரலாம். மின்னணுத் தராசுகள் பலவற்றில் கணினிக்கு எண்ணை அனுப்பும் இணைப்பு இருக்கிறது. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும்.

கழிவுக்கு, மேசையின் நடுவே கிலோ அளவு குறித்த ஒரு நீளப் பள்ளம், அதில் முன்னும் பின்னும் நகரும் ஒரு மரக் குமிழ். இரண்டு பேருக்கும் தெரியும்படி. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் கழிவு. கணினி அதைப் படிக்கலாம். ஒருபோதும் அதை மாற்றக் கூடாது. குமிழை நகர்த்தும் கையை எல்லோரும் பார்க்கிறார்கள். நியாயம் பேசித் தீர்க்க வேண்டிய ஒரு விஷயம் இப்படித்தான் மேசைக்கு மேலே வரும்.

ரசீதுக்கு வெப்பத்தாள் வேண்டாம். நாளானால் எழுத்து மங்கிப்போகும். மாதக் கணக்குப் பார்க்கும்போது வெள்ளைத்தாள்தான் கையில் இருக்கும். கார்பன் வைத்துத் தட்டும் பழைய வகை அச்சுக்கருவியே நல்லது. மின்சாரம் போனால்? தராசு தன் பேட்டரியில் ஓடும், குமிழ் நின்ற இடத்தில் நிற்கும், கார்பன் தாளில் கையால் எழுதலாம். பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அந்த மரத்துண்டு தொலைந்தால், அல்லது யாராவது நகல் எடுத்தால்?

துண்டில் ஒரு எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதாதீர்கள். தொலைந்தால் அந்த எண்ணை நிறுத்திவிட்டுப் புதிது கொடுக்கலாம். பணத்தை அதில் ஏற்றவே வேண்டாம். உலகம் முழுக்கப் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் என்ற சிப் அட்டையின் ரகசியப் பூட்டே 2008இல் உடைக்கப்பட்டுவிட்டது. மலிவான சிப்புகளை நகல் எடுப்பது கடினம் அல்ல. இங்கே காவல், எல்லோர் முன்னிலையிலும் எடை போடுவதுதான்.

பொருள் ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொன்னால்?

இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி இது. கணினிக்குள் ஒரு எண் 5 என்று இருக்கிறது. வெளியே குமிழ் 3இல் நிற்கிறது. எதை நம்புவது? மக்கள் பொருளைத்தான் நம்புவார்கள், நம்பவும் வேண்டும். ஆகவே பொருள் சொல்வதே இறுதி என்று வடிவமைப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

உதாரணத்துக்குக் குமிழையே எடுத்துக்கொள்வோம். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று முடிவில்லாமல் சுற்றும்; எத்தனை படி நகர்ந்தது என்று மட்டும் சொல்லும். இன்னொன்று பொட்டென்ஷியோமீட்டர், அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் கொடுக்கும். முதல் வகையில் மின்சாரம் போய் வந்தால் குமிழுக்கும் எண்ணுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இரண்டாவது வகையில் மின்சாரம் வந்ததும் கணினி குமிழைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இருட்டில்கூட விரலால் தடவிப் பார்த்து மதிப்பைச் சொல்லலாம். சின்ன வித்தியாசம்தான், விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கருவியை நம்பலாமா கூடாதா என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

கணினியே பொருளை நகர்த்தினால் என்ன என்று கேட்பீர்கள். முடியும். ஒலிப்பதிவுக் கூடங்களில் மோட்டார் வைத்த ஒலி அளவுக் குமிழ்கள் தானாக ஏறி இறங்கும். எம்.ஐ.டி. ஆய்வகம் 2013இல், நூற்றுக்கணக்கான ஊசிகள் மேலும் கீழும் நகர்ந்து உருவங்களை எழுப்பும் மேசையைச் செய்து காட்டியது. பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் மோட்டார் என்றால் செலவு, சத்தம், தூசி, பழுது. மலையில் ஒரு பள்ளிக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தாமதமும் ஒரு பொய்தான். கையை அசைத்த பிறகு பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். அதற்கு மேல் போனால் மக்கள் இன்னொரு முறை அழுத்துவார்கள், குழப்பம் தொடங்கும்.

மணல் மேசை பற்றிச் சொல்லுங்கள். நிலச்சரிவை அதில் காட்ட முடியுமா?

நீலகிரிக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கும் கருவி அது. 2002இல் எம்.ஐ.டி.யில் களிமண் நிலத்தோற்றத்தைக் கையால் மாற்ற மாற்ற, மேலிருந்து லேசர் கருவி அளந்து, சரிவு, நிழல் போன்ற கணக்குகளை அதே களிமண்மேல் ஒளியாக விழச்செய்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் கிரைலோஸ், கணினி விளையாட்டுக்காக வந்த, தூரத்தை அளக்கும் கினெக்ட் கேமராவை வைத்து அதையே மலிவாக்கி, மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலப் பெட்டி, மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் கேமரா, பக்கத்தில் புரொஜெக்டர். மணலைக் குவித்தால் அதன்மேல் சமவுயரக் கோடுகளும் நிறங்களும் விழும். விரல்களை விரித்து மேலே பிடித்தால் மழை பெய்யும், நீர் பள்ளம் பார்த்து ஓடும்.

புவியியல் பாடத்தில் சமவுயரக் கோடு என்றால் மிரளும் பிள்ளைகள், இதில் மணலைத் தள்ளித் தள்ளிக் கோடு நெருங்குவதையும் விலகுவதையும் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் நான் அதைவிட மதிப்பது வேறொன்றை. கேத்திப் பள்ளத்தாக்கை மணலில் அமைத்து ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பாருங்கள். “இந்த இடத்துல ஓடை இப்படித் திரும்பாது, அந்தப் பாறைக்குக் கீழே போகும்” என்று கையால் மணலை விலக்குவார்கள். வரைபடத்தில் அவர்கள் திருத்தம் சொல்ல மாட்டார்கள், மணலில் சொல்வார்கள். அந்தக் கைகளை உள்ளே அழைத்ததற்காகவே இந்தக் கருவிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அளவில் நேர்மை வேண்டும். ஒரு மீட்டரில் 20 கிலோமீட்டரை அடக்கினால், மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உள்ள சுமார் 1,500 மீட்டர் உயர வித்தியாசம் ஏழரை சென்டிமீட்டர்தான் வரும். மலை இவ்வளவு தட்டையா என்று எல்லோரும் ஏமாற்றம் அடைந்து உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கச் சொல்வார்கள். ஆக்கலாம், ஆனால் பெட்டியின் விளிம்பிலேயே அதை எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ந்த மணல் முப்பது டிகிரி சொச்சத்துக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும், லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

நிலச்சரிவைப் பொறுத்தவரை என் பதில் உறுதியானது: இந்த மேசை அதை முன்கூட்டிச் சொல்லாது. மேற்பரப்பில் நீர் எப்படி ஓடும் என்பதைத்தான் அது காட்டுகிறது. மண்ணுக்குள் நீர் இறங்கி அழுத்தம் கூடுவது, சாலைக்காக வெட்டிய சரிவு, அடைபட்ட வடிகால், இவை எதுவும் அதன் கணக்கில் இல்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் சரிவுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ‘உங்கள் வீடு பாதுகாப்பு’ என்று ஒரு மணல் பெட்டியை வைத்து யாரும் சொல்லக் கூடாது. அதற்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடங்களும் மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கைகளும் இருக்கின்றன. அந்த வரைபடத்தை மணல்மேல் ஒளியாக விழவைத்து மக்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு மேசை மிக நல்லது.

குழந்தைகள் கட்டைகளால் நிரல் கற்றால் நன்றாகப் படிப்பார்களா?

மிகைப்படுத்த விரும்பவில்லை. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் மைக்கேல் ஹார்ன் குழுவினர், ஒரே ரோபோவை மரக்கட்டைகளாலும் திரையில் மவுஸாலும் இயக்கும் இரண்டு அமைப்புகளை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். புரிந்துகொள்வதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மரக்கட்டை இருந்தபோது அதிகம் பேர் நின்று முயன்றார்கள், கூட்டாகவும் வேலை செய்தார்கள். நாற்பது பேருக்கு ஒரு கணினி இருக்கும் அரசுப் பள்ளிக்கு இது பெரிய விஷயம். ஒரு பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ள மற்றவை வேடிக்கை பார்ப்பது நின்றுபோகும். கட்டைகளைத் தரையில் பரப்பி ஆறு பேர் வாதிடலாம். கணினி கடைசியில் வந்தால் போதும்.

பார்வை இல்லாதவர்களுக்கு?

திரையைவிட இது அவர்களுக்கு நெருக்கம். மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான கோட் ஜம்பர் என்ற கருவியில், தடவித் தெரியும் வடிவங்கள் கொண்ட பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்துக் குழந்தைகள் இசையாகவும் கதையாகவும் நிரல் அமைக்கிறார்கள். 2019இல் அமெரிக்கப் பார்வையற்றோர் அச்சகம் அதை விநியோகிக்கத் தொடங்கியது. நம் மரத்துண்டுகளிலும் நிறத்தை மட்டும் நம்பாமல் விளிம்பில் வெட்டுக் குறிகள் வையுங்கள். கூடுதல் செலவே இல்லை.

எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது?

பொருள் எது என்று தெரிந்தால் போதும் என்றால், ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சிப். 13.56 மெகாஹெர்ட்ஸ் வகைக்குப் பேட்டரி வேண்டாம். படிக்கும் கருவியே அதற்கு ஆற்றல் தருகிறது. சில சென்டிமீட்டர் தூரத்தில், மரம், துணி, காகிதம் வழியாகவும் படிக்கும். உலோகம் அடியில் இருந்தால் படிக்காது, ஆகவே இரும்பு மேசையில் நேரே வைக்காதீர்கள்.

பொருள் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் தெரிய வேண்டுமானால் கேமரா. பொருளின் அடியில் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டி, கண்ணாடி மேசைக்குக் கீழிருந்து பார்க்கலாம். பார்சிலோனாவில் உருவான ரியாக்டேபிள் என்ற இசை மேசை இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் குறிகளை அறியும் மென்பொருள் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஆனால் ஜன்னல் வழியே திடீரென வெயில் அடித்து அடுத்த நிமிடம் மூடுபனி புகும் அறையில் கேமரா திணறும். மேசைக்கடியில் சொந்தமாக அகச்சிவப்பு விளக்கு வைத்து, வெளி வெளிச்சத்தை மறையுங்கள். கினெக்டும் நேரடி வெயிலில் குருடாகிவிடும்.

எவ்வளவு என்ற ஒரே எண் வேண்டுமானால், முன்பு சொன்ன பொட்டென்ஷியோமீட்டரை எதுவும் வெல்லாது.

மழையும் ஈரமும் இவற்றைக் கெடுக்காதா?

கெடுக்கும். இங்கே கேமரா லென்ஸில் பூஞ்சை பூப்பது எல்லாப் புகைப்படக்காரர்களுக்கும் தெரிந்த கதை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, மாதாமாதம் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். கம்பி நுழையும் ஓட்டை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். இணைப்புகளுக்குப் பூச்சு கொடுங்கள். பொருள்களுக்கு பிளாஸ்டிக் வேண்டாம். பிளாஸ்டிக்கைக் குறைக்க இவ்வளவு காலமாகப் போராடும் மாவட்டம் இது. தச்சுப் பட்டறையில் மீந்த சில்வர் ஓக் துண்டு, உண்ணிச்செடிக் கழி இரண்டும் நன்றாக உழைக்கும். காடுகளை மூடிவரும் உண்ணிச்செடியில் நாற்காலியும் ஆளுயர யானையும் செய்யும் கைகள் இங்கே இருக்கும்போது ஒரு குமிழ் செய்ய முடியாதா?

தோடர் பூவேலைத் துணியில் மின்நூல் வைத்து ஏதாவது செய்யலாமா?

மாணவர்கள் ஆசையாகக் கேட்பது இது. துணியில் தைக்கும் மின்சுற்றுகள் 2007இல் லியா பியூக்லியின் லிலிபேட் பலகைக்குப் பிறகு எளிதாகிவிட்டன. தோடர் பெண்கள் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். கணக்கு விரலில் ஓடுகிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தப் போர்வை அவர்களுடைய சடங்குகளோடு பிணைந்தது. அதில் விளக்கு எரியவைப்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. முதலில் அந்தப் பெண்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். சம்மதித்தால் வடிவமைப்பும் வருமானமும் அவர்கள் பெயரில் இருக்கட்டும்.

குரலால் பேசுவதும் கையை ஆட்டுவதும்தானே இயல்பான வழி?

எனக்கு உடன்பாடில்லை. காற்றில் கையை ஆட்டினால் கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கும்; எந்த அசைவு என்ன செய்யும் என்று எதுவும் காட்டிக்கொடுக்காது, மனப்பாடம் செய்ய வேண்டும். வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 2010லேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி எழுதினார். குரல், அமைதியான வீட்டில் நல்லது. இலை எடை போடும் இரைச்சலில் நல்லதல்ல. படுகிலும் இருளர் மொழியிலும் பேசுபவரைத் தமிழில் பேசச்சொல்லி வற்புறுத்துவது எப்படி இயல்பு ஆகும்?

எங்களிடம் நோட்டும் பேனாவும்தான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட வேண்டுமா?

விடவே வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குக்காகத் தபன் பாரிக்கும் அவருடைய சகாக்களும் செய்த வேலை 2006இல் வெளியானது. காகிதப் படிவம் அப்படியே இருந்தது. அதில் பார்கோடு குறிகளை மட்டும் அச்சிட்டார்கள். செல்போன் கேமரா அந்தக் குறியைப் பார்த்து, எந்தக் கட்டத்தை நிரப்புகிறோம் என்று புரிந்துகொண்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது. காகிதம் குழுவிடமே இருந்தது. கணினி மக்களைத் தேடி வந்ததற்கு நான் அறிந்த மிக நல்ல உதாரணம் அது.

எப்போது இந்த வழி வேண்டாம்?

ஆயிரக்கணக்கான பதிவுகளில் தேட வேண்டும், நகல் எடுக்க வேண்டும், செய்ததைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் திரையே சிறந்தது. பொருளுக்கு ‘அன்டூ’ கிடையாது. அது தொலையும், இடம் அடைக்கும். ஊட்டியில் இருப்பவரோடு கூடலூரில் இருப்பவர் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் இது உதவாது.

செய்வதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

மின்னணு எதையும் வாங்காதீர்கள். அட்டையை வெட்டி, களிமண்ணைப் பிசைந்து பொருளைச் செய்யுங்கள். பயன்படுத்துபவர் அட்டையை நகர்த்தும்போது, உங்களில் ஒருவர் மடிக்கணினியில் கையால் எண்ணை மாற்றிக் காட்டுங்கள். இரண்டு மணி நேரத்தில் வடிவமைப்பின் பாதிக் குறைகள் தெரிந்துவிடும். சோதனையை உங்கள் அறையில் வைக்காதீர்கள். மழை நாளில், வேலை நடக்கும் இடத்தில், ஈரக் கையோடு வையுங்கள். அவர்கள் பொருளை எதற்கெல்லாம் எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்தீர்கள் என்றால் சோதனை முடிந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் முதலில் எதைச் செய்யலாம்?

மழைப் பலகை. பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், ஒரு பிள்ளை அளந்து வந்து, சுவரில் உள்ள மரப்பலகையின் குமிழை அந்த அளவுக்கு நகர்த்தட்டும். குமிழுக்குப் பின்னால் பத்து சென்டிமீட்டர் நகரும் பொட்டென்ஷியோமீட்டர், ஆர்டுயினோ அல்லது மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் அன்றைய தேதியோடு அளவு பதிவாகும். பலகையைப் பார்க்கும் எல்லோருக்கும் நேற்றைய மழை தெரியும், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாதக் கடைசியில் பதிவுகளை வரைபடமாக்கிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடலாம்.

கோத்தகிரியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்குக் குமிழ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். அவலாஞ்சிப் பக்கம் அந்த அளவு உதவாது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அங்கே செய்பவர்கள் பத்து மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று இன்னொரு பள்ளத்தையும் பக்கத்திலேயே வெட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளத்துக்கு எந்த அளவு என்பதைப் பலகையிலேயே பொறித்துவிடுங்கள்.